ஜிபிஎஸ் பாசிட்டிவ், பிரசவமோ வேகமாக நடக்கும்: அந்த நாலு மணி நேரம் கிடைக்காவிட்டால்?

கேள்வி: "அக்கா, இது எனக்கு இரண்டாவது பிரசவம். 37 வாரம் முடிந்துவிட்டது. போன வாரம் எடுத்த ஸ்வாப் பரிசோதனையில் குரூப் பி ஸ்ட்ரெப் (ஜிபிஎஸ்) என்ற கிருமி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே ஆன்டிபயாடிக் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறார்கள். மூத்தவன் வலி ஆரம்பித்து மூன்றரை மணி நேரத்தில் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரி 40 நிமிட தூரம். இந்த முறை அதைவிடச் சீக்கிரம் பிறந்துவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்? ராத்திரி தூக்கமே வருவதில்லை."

முதலில் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கை. மருந்து ஒரு சொட்டுகூட ஏறாமல் பிறந்தாலும், இந்தக் கிருமியைச் சுமக்கும் தாய்மாரின் நூறு குழந்தைகளில் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் வருவதில்லை. மிச்சமுள்ள ஒன்றிரண்டு பேருக்கு வந்துவிட்டால் அது கடுமையான நோய். அந்த ஒன்றிரண்டு பேருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். மருந்து ஏறத் தொடங்கிய நிமிடத்திலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நாலு மணி நேரம் கிடைத்தால் மிகவும் நல்லது. இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் பலன் உண்டு. எதுவுமே கிடைக்காவிட்டால் குழந்தையை அடுத்த ஒன்றிரண்டு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

நான் பிரசவ வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நர்ஸ். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் இந்த வாரமே என்னென்ன பேச வேண்டும், வலி வந்த அன்று எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

இந்தக் கிருமி உங்கள் தப்பால் வந்ததில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பாசிட்டிவ் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடலில் வாழும் கிருமி. அங்கிருந்து பிறப்புறுப்புப் பாதைக்கும் வந்து தங்கும். கர்ப்பிணிகளில் பத்து பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இதைச் சுமக்கிறார்கள். சுத்தக்குறைவால் வருவதில்லை, பால்வினை நோயும் இல்லை, கணவருக்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை. ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் காணாமல் போகும், திரும்பவும் வரும். அதனால்தான் பரிசோதனையைப் பிரசவத்துக்குப் பக்கத்தில், 36, 37 வார வாக்கில் எடுக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டை ஐந்து வாரம் வரை நம்பலாம். கிருமியின் அறிவியல் பெயரில் அகலாக்டியே, அதாவது பால் இல்லாமை, என்ற சொல் வந்ததற்கே மாடுதான் காரணம். பசுவின் மடிநோயில் பாலை வற்றச் செய்யும் கிருமியாகத்தான் முதலில் இதை அறிந்திருந்தார்கள். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற விஞ்ஞானி 1930-களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை ஏ, பி என்று பிரித்தபோது இது பி-யில் விழுந்தது. பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் நஞ்சேறுவதற்கு இது முக்கியக் காரணம் என்று மருத்துவ உலகம் உணர்ந்தது 1970-களில்தான்.

"இப்போதே மாத்திரை போட்டுக் கிருமியை ஒழித்துவிட்டால் என்ன?" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மாத்திரை போட்டால் கிருமி குறையும். ஆனால் குடலில் மிச்சம் இருப்பது சில நாட்களில் மறுபடி பெருகிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பிரசவம் என்றால் போட்டது வீண். குழந்தைக்குக் கிருமி போவது பெரும்பாலும் வலி தொடங்கிய பிறகும், பனிக்குடம் உடைந்த பிறகும், பாதை வழியாக வெளியே வரும்போதும்தான். அந்த நேரத்தில் தாயின் ரத்தத்திலும் குழந்தையின் ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் மருந்து இருக்க வேண்டும். அதற்கு நரம்பு வழியாக ஏற்றுவதுதான் வழி. 1986-ல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வு பிரசவ நேரத்தில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் பலன் தருவதைக் காட்டியது. அதன் பிறகு மெல்ல மெல்ல இது வழக்கமானது. அமெரிக்காவில் 1990-ல் ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்றிருந்த முதல் வார ஜிபிஎஸ் நோய், 2015-ல் 0.23 ஆகக் குறைந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ப்ப காலத்தில் எப்போதாவது சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) இந்தக் கிருமி வந்திருந்தால், கிருமி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அப்போது எண்ணிக்கையைப் பொறுத்து அந்த நேரத்திலேயே மாத்திரை தருவார்கள். பிரசவத்தின்போதும் ஊசி மருந்து வேண்டும், தனியாக ஸ்வாப் எடுக்கத் தேவையில்லை. முன்பு பிறந்த குழந்தைக்கு ஜிபிஎஸ் நோய் வந்திருந்தாலும் ஸ்வாப் இல்லாமலே பிரசவத்தின்போது ஊசி மருந்து உண்டு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் நாலாம் மாத சிறுநீர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. ஃபைலின் நடுவில் இருந்த அந்தத் தாளைப் பிரசவம் முடியும்வரை எங்களில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. குழந்தைக்கு எட்டாவது மணி நேரத்தில் மூச்சு முனகல் தொடங்கிய பிறகுதான் புரட்டினோம். பத்து நாள் மருந்து ஏற்றிக் குழந்தை நன்றாக வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து யார் உள்ளே வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். உங்கள் ஃபைலிலும் ஸ்வாப் ரிப்போர்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

இனி அந்த நாலு மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் உங்கள் பயத்தில் பாதி இறங்கிவிடும்.

1998-ல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வில், கிருமி இருந்த தாய்மாருக்கு ஆம்பிசிலின் கொடுத்து, எவ்வளவு நேரம் கழித்துக் குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தையின் உடலில் கிருமி ஒட்டியிருந்ததா என்று பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிறந்தவர்களில் 46 சதவீதம் பேரிடம் கிருமி இருந்தது. மருந்தே கொடுக்காவிட்டாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போகும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தில் இந்த விஷயத்தில் பெரிய லாபம் இல்லை. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்றால் 29 சதவீதம். இரண்டு முதல் நாலு மணி நேரம் என்றால் 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. நாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு சதவீதத்தை ஒட்டி. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் இடத்தில்தான் எண்ணிக்கை சரசரவென்று இறங்குகிறது.

கிருமி ஒட்டுவது வேறு, நோய் வருவது வேறு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2013-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நோயைத் தடுப்பதில் நாலு மணி நேரமும் அதற்கு மேலும் கிடைத்த பெனிசிலினோ ஆம்பிசிலினோ சுமார் 90 சதவீதம் பலன் தந்தது என்றும், அதற்குக் குறைவான நேரம் என்றால் பலன் பாதிக்கும் கீழே போனது என்றும் கண்டது. அதனால் "இரண்டு மணி நேரமே போதும், நிதானமாகப் போகலாம்" என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். நாலு மணி நேரத்துக்காக முயற்சி செய்யுங்கள். அது கிடைக்காமல் ஒன்றரை மணி நேரத்தில் பிறந்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று நினைக்கவும் வேண்டாம். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் ஆம்பிசிலின் தொப்புள்கொடி ரத்தம் வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் பாதையில் கிருமிகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருக்கும். "இன்னும் அரை மணி நேரத்தில் பிறந்துவிடும், இனி எதற்கு மருந்து" என்று யாராவது கைவிட்டால், "பரவாயில்லை, போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள்.

மருந்தின் பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மருந்து பெனிசிலின். 50 லட்சம் யூனிட்டில் தொடங்கி, பிறக்கும்வரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட். அதற்கு இணையானது ஆம்பிசிலின், முதலில் 2 கிராம், பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். இவை அமெரிக்க முறையின் அளவுகள். சில நாடுகளில் அளவு கொஞ்சம் மாறும். வேகமாகப் பிறக்கிற பிரசவத்தில் ஆம்பிசிலினுக்கு ஒரு வசதி உண்டு. அதை டிரிப்பில் கலந்து அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்றில்லை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஊசியாகவே நரம்பில் செலுத்திவிடலாம். "நான் கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்த நிலையில் வந்து சேர்ந்தால் எந்த மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, பதிலை ஃபைலிலேயே எழுதச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டியில் இருக்கிற நர்ஸுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

பெனிசிலின் அலர்ஜி என்று உங்கள் ஃபைலில் இருந்தால், பேச வேண்டியது இன்றைக்கு. பெனிசிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருக்காது. சின்ன வயதில் மருந்து குடித்துவிட்டு வாந்தி எடுத்திருப்பார்கள், அம்மா அதை அலர்ஜி என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டுவிடும். கர்ப்ப காலத்திலேயே அலர்ஜி பரிசோதனை பாதுகாப்பாகச் செய்யலாம். லேசான அலர்ஜி என்றால் செஃபசோலின் கொடுப்பார்கள், அதுவும் நன்றாக வேலை செய்யும். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு என்று கடுமையாக வந்திருந்தால்தான் கிளிண்டாமைசின் அல்லது வான்கோமைசின் பக்கம் போவார்கள். கிளிண்டாமைசினுக்கு உங்கள் கிருமி அடங்குமா என்று லேப் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஸ்வாப் அனுப்பும் சீட்டிலேயே அலர்ஜி பற்றி எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டு மருந்துகளும் நாலு மணி நேரம் ஏறினாலும் குழந்தைகள் டாக்டர்கள் அதை முழுப் பாதுகாப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. வேகமாகப் பிரசவிக்கும் பெண்ணுக்கு இந்தக் குழப்பம் கடைசி நிமிடத்தில் வரக் கூடாது.

வலி வந்த அன்று என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய விஷயம். ஒழுங்கான வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதை அதிவேகப் பிரசவம் என்பார்கள். உங்கள் முதல் பிரசவமே அதை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும். அதனால் தலைப்பிரசவக்காரர்களுக்குச் சொல்கிற "ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள்" என்ற கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் மருந்துக்குக் கொடுத்திருக்கலாம்.

வலி ஒரு ஒழுங்குக்கு வருகிற மாதிரி இருந்தால், பத்து நிமிட இடைவெளியோ எட்டு நிமிடமோ, உடனே லேபர் வார்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்த பிறகு நேரம் ஆக ஆகக் கிருமி மேலே ஏறும் வாய்ப்பு கூடுகிறது. கிருமி இருப்பது தெரிந்த பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்தவுடன் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் வலியை வரவைக்கவும் மருந்து கொடுப்பார்கள். காய்ச்சல், நாற்றமுள்ள நீர், பச்சை நிறத்தில் நீர், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவு, இதில் எது இருந்தாலும் எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

"சூட்டு வலியாக இருந்து திருப்பி அனுப்பிவிட்டால் மானம் போகுமே" என்று நிறையப் பெண்கள் தயங்குவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் போவதில் எந்தக் குறையும் இல்லை. மூன்று தடவை வந்து திரும்பிப் போய், நாலாவது தடவை சரியான நேரத்தில் வந்து மருந்து வாங்கிக்கொண்ட பெண்ணைப் பற்றி எங்கள் வார்டில் ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உங்களுக்கு மட்டுமல்ல, கூட வருகிறவருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். "ஜிபிஎஸ் பாசிட்டிவ். இரண்டாவது பிரசவம். முதலாவது மூன்றரை மணி நேரத்தில் பிறந்தது. மருந்து அலர்ஜி இல்லை. வலி ஆரம்பித்தது இத்தனை மணிக்கு." அவ்வளவுதான். பெயர், விலாசம் எல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். வலியின் உச்சியில் உங்களால் பேச முடியாது, அதனால்தான் கூட வருபவரும் சொல்லப் பழக வேண்டும்.

ஒரு ராத்திரி அப்படி ஒருவர் வந்தார். வாசலிலேயே கணவர் சத்தமாக இதைச் சொல்லிவிட்டார். உடை மாற்றுவதற்கு முன்னாலேயே என்னுடன் இருந்த இன்னொரு நர்ஸ் அவருடைய வலது கையில் நரம்பைத் தேடினாள். நான் வயிற்றைத் தொட்டு வலியைப் பார்த்துவிட்டு மருந்துப் புட்டியை உடைத்துக் கலக்கினேன். பரிசோதித்தால் ஏழு சென்டிமீட்டர், பனிக்குடம் உடையவில்லை. கதவைத் தாண்டியதிலிருந்து மருந்து ஏறி முடியும்வரை ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்துக் குழந்தை பிறந்தது. அந்த வாசல் வாக்கியம் இல்லாமல் அட்மிஷன் வேலையெல்லாம் முடித்த பிறகு தொடங்கியிருந்தால் அவ்வளவு நேரம் கிடைத்திருக்காது.

பனிக்குடம் தானாக உடையாமல் இருந்தால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில் அதை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். உடைத்தால் பிரசவம் இன்னும் வேகமாகும். ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு சரியில்லை என்றோ வேறு தேவையாலோ டாக்டர் உடைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். தேவையான எந்தச் சிகிச்சையையும் நாலு மணி நேரக் கணக்குக்காகத் தள்ளிப் போடக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது.

முக்கியமாக ஒன்று. முக்க வேண்டும் என்று உடம்பு சொல்லும்போது, மருந்து ஏறட்டும் என்று அடக்காதீர்கள். காலை இறுக்கிக்கொள்வது, குழந்தையின் தலையைத் தள்ளிப் பிடிப்பது எல்லாம் ஆபத்து. ஜிபிஎஸ்ஸால் வரக்கூடிய நோயின் வாய்ப்பு சிறியது. தலையை அடைத்து நிறுத்துவதால் குழந்தைக்கு வரும் கேடு உடனடியானது.

"இதற்குப் பேசாமல் சிசேரியன் செய்துவிடலாமா?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். ஜிபிஎஸ் மட்டும் காரணம் என்றால் வேண்டாம். வேறு காரணத்துக்காக, வலி வருவதற்கு முன், பனிக்குடம் உடையாமல் சிசேரியன் செய்தால் ஜிபிஎஸ் மருந்து தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனால் சிறிய ஆபத்துக்குப் பயந்து வயிற்றைக் கிழிப்பது சரியான கணக்கு இல்லை. 39 வாரம் முடிந்த பிறகு நாள் குறித்து மருந்து கொடுத்து வலி வரவைப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம். ஆன்டிபயாடிக்கை முதலிலேயே தொடங்கிவிட்டு வலியை வரவைத்தால் நேரம் கிடைக்கும், தூரம் என்ற கவலையும் தீரும். உங்களைப் போல வேகமாகப் பிரசவித்து, தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு நான் அந்தப் பேச்சை எடுக்கச் சொல்வேன். கர்ப்பப்பை வாயின் நிலை, மற்ற விஷயங்களைப் பார்த்து அவர் முடிவு சொல்வார். பூண்டு வைப்பது, கிருமிநாசினியால் உள்ளே கழுவுவது போன்ற யோசனைகள் காதில் விழும். கிருமிநாசினிக் கழுவலை ஆய்வு செய்து பார்த்துப் பலனில்லை என்று தள்ளிவிட்டார்கள். பூண்டு ஊசி மருந்துக்கு ஈடாகாது.

வழியிலேயே பிறந்துவிட்டால்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், தானாக வரட்டும். வந்ததும் சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை எடுத்துவிட்டு, உங்கள் வெறும் நெஞ்சின் மேல் போட்டு, தலையையும் சேர்த்து மூடுங்கள். கொடியை வெட்டவும் வேண்டாம், நஞ்சுக்கொடியை இழுக்கவும் வேண்டாம். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் "ஜிபிஎஸ் பாசிட்டிவ், மருந்து ஏறவில்லை, பிறந்தது இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். பிறந்த பிறகு உங்களுக்கு ஊசி போடுவதால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்காது. அதற்குப் பிறகு கவனம் முழுக்கக் குழந்தை மேல்தான் இருக்க வேண்டும்.

நோய் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 12 மணி நேரத்திலேயே அடையாளம் காட்டிவிடும். இது நமக்குச் சாதகமான விஷயம், ஏனென்றால் எப்போது விழித்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. பிரிட்டனில், மருந்து போதிய நேரம் ஏறாத தாயின் குழந்தை நன்றாக இருந்தாலும், பிறந்ததும், ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில், பிறகு 12 மணி நேரம்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சு, துடிப்பு, உடல் சூடு பார்ப்பார்கள். அமெரிக்காவில் 36 முதல் 48 மணி நேரம் வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். பிரிட்டனில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்வாப் எடுப்பதே கிடையாது, ஆபத்து அறிகுறிகளைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அதனால் வெளிநாட்டில் இருக்கும் தோழி வேறு மாதிரி சொன்னால் குழம்பாதீர்கள். நன்றாக இருக்கும் நிறைமாதக் குழந்தைக்கு, நேரம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் போட வேண்டியதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துக் குழந்தைகள் டாக்டர் முடிவு செய்வார். உங்கள் பங்குக்கு, "சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

குழந்தையைப் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்கிறேன். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது துணியை விலக்கி வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. நாலைந்து மூச்சு வேகமாக வரும், ஐந்தாறு விநாடி நின்றுபோகும், மறுபடி தொடங்கும். அது இயல்பு. நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் சொல்லுங்கள். 20 விநாடிக்கு மூச்சு நின்றாலோ, நிறம் மாறினாலோ உடனே கத்திக் கூப்பிடுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் "ம்ஹ்... ம்ஹ்..." என்று சின்ன முனகல் விடாமல் வந்தால், குழந்தை நுரையீரலைத் திறந்து வைக்கப் பாடுபடுகிறது என்று அர்த்தம். தூக்கத்தில் ஒன்றிரண்டு முறை முனகுவதும் இதுவும் வேறு. மூக்கு விரிவது, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுப்பது, பால் குடிக்க எழுப்பியும் எழாதது, கை கால் துணிபோல் தொய்வது, உடம்பு ஜில்லென்று இருப்பது, முதல் நாளிலேயே மஞ்சள் படர்வது, இதில் எதுவும் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. காய்ச்சல்தான் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் உடல் சூடு ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடுவதும் உண்டு.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். சீம்பால் உட்பட. கிருமி உங்களிடம் இருப்பதோ மருந்து ஏறியதோ அதற்குத் தடையில்லை. உங்களுக்கே பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள போக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இந்தக் கிருமி தாயின் கர்ப்பப்பையிலும் தொற்றை உண்டாக்கும்.

இன்னொன்றைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிரசவ நேர மருந்து முதல் வார நோயைத்தான் தடுக்கிறது. ஒரு வாரம் முதல் மூன்று மாதம்வரை வரக்கூடிய ஜிபிஎஸ் நோயை அது தடுப்பதில்லை. நாலு மணி நேரம் முழுதாக மருந்து ஏறிய குழந்தைக்கும், ஏறாத குழந்தைக்கும் இதில் வேறுபாடு இல்லை. அரிதுதான், ஆனால் மூளை உறையைத் தாக்கக்கூடியது. அதனால் குழந்தையைத் தூக்குகிற எல்லோரும் கை கழுவட்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால், ராத்திரி எந்நேரம் ஆனாலும் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பால் குடிப்பதை நிறுத்துவது, கீச்சென்ற வித்தியாசமான அழுகை, தூக்கினால் கூடுதலாக அழுவது, உச்சிக்குழி மேடாக நிற்பது ஆகியவற்றுக்கும் அதே வேகம் வேண்டும். அங்கேயும் முதல் வாக்கியம் "பிரசவத்தின்போது எனக்கு ஜிபிஎஸ் பாசிட்டிவ்" என்பதுதான்.

இந்த வாரம் டாக்டரிடம் போகும்போது இரண்டு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். எட்டு சென்டிமீட்டரில் வந்தால் எந்த மருந்து, யார் தொடங்குவார்கள்? 39 வாரத்தில் நாள் குறிப்பது எனக்குச் சரிப்படுமா? பதில் என்ன வந்தது என்று எழுதுங்கள். ராத்திரி டூட்டிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி அதை ஃபைலில் எப்படி எழுதி வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.